முப்பது விநாடிக் கதவு

மார்ச் 4, செவ்வாய்

புதிய பூட்டைப் போட்டாயிற்று. வீட்டில் இருந்தபடி நூலகத்தின் ஆய்வுக் கட்டுரைத் தளங்களுக்குள் நுழைய, இனி உறுப்பினர் எண்ணும் கடவுச்சொல்லும் மட்டும் போதாது. கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். முப்பது விநாடிக்குள் அடிக்க வேண்டும். யாரோ ஒரு மகராசன் தன் கடவுச்சொல்லை ஊருக்கெல்லாம் தானம் செய்து, கட்டுரைகளை மூட்டை மூட்டையாக இறக்க, தளத்துக்காரர்கள் மொத்த நூலகத்தையும் வெளியே தள்ளிவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடித்தான் திரும்ப உள்ளே வந்தோம். பாதுகாப்பு விதிகளை எழுதியது நான். இனி அதில் ஒரு வரி மாற்றினாலும் தளத்துக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். தலைமை நூலகர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மார்ச் 5, புதன்

தங்கையால் உள்ளே நுழைய முடியவில்லை.

மார்ச் 6, வியாழன்

எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? ஒரே வீட்டில் இருக்கிறேன். தினமும் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது இந்தக் கைதான். வீட்டிலிருந்தே படிக்கும் வசதி வேண்டும் என்று தொண்டை வற்றக் கத்தியதே இவளை மனதில் வைத்துத்தான். எறும்புகளைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்தியவள். தசை நோய் வந்து படுக்கையோடு ஆகிவிட்டாள். ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கடைசிக் கட்டுரை ஒன்றை எழுதுகிறாள். அந்த விரலும் போவதற்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு.

"நாலாவது எண் அடிக்கிறதுக்குள்ள அந்த எண்ணே காலாவதி ஆயிடுதுக்கா. எறும்புகூட என்னைவிட வேகம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

வேலைக்குக் கிளம்புமுன் நானே திறந்து வைத்துவிட்டுப் போனேன். கால் மணி நேரம் எதையும் தொடாவிட்டால் தளம் தானாக மூடிக்கொள்ளும். ஒரு கட்டுரையை வாசிக்கவே அவளுக்கு அதைவிட நேரமாகிறது. இந்த விதியும் நான் எழுதியதுதான். ரொம்பச் சமர்த்து!

அவளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அம்மா மதியம்தான் வருகிறார். அதற்குள் மருந்து மயக்கம் இவளைச் சுருட்டிவிடுகிறது. விரல் சொன்னபடி கேட்பது காலையில் மட்டும்.

எந்தக் கட்டுரை வேண்டுமோ சொல், இறக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். "எது வேணும்னு தெரிஞ்சா நான் எதுக்குத் தேடுறேன்?" என்றாள். அதுவும் சரிதான். ஒன்றைப் படித்தால்தானே அடுத்தது தெரியும்?

மார்ச் 17, திங்கள்

இன்று நல்ல நாள். எழுதி வைக்கிறேன்.

நூலகத்தில் என் மேசையிலிருந்து அவள் கணக்கைத் திறந்தேன். அவள் குறித்து வைத்த கட்டுரைகள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன. எண் அவள் கைபேசிக்கு வந்தது. தொலைபேசியில் வாசித்தாள், நான் அடித்தேன். உள்ளே போய்விட்டோம்! அவள் சொல்லச் சொல்ல நான் தேடி அனுப்பினேன். நடுவில் ஒரு கட்டுரையாளரைத் திட்டினாள். அவருக்கு எறும்பின் முன்பக்கம் பின்பக்கமே தெரியாதாம். பழைய குரல். பழைய வாய்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் வழக்கம்போல் வீட்டில் அவளுக்குத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். நூலகத்தில் அவள் உறுப்பினர் எண்ணில் மறுபடி நுழைந்தேன். இன்று அவள் விரல் விடாமல் தட்டியதில் வீட்டுக் கணினியில் தளம் இன்னும் திறந்தே இருந்தது. அதை மூடச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரே உறுப்பினர் எண் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் திறந்தால் திருட்டு என்று எடுத்துக்கொண்டு பூட்டு — இதை எழுதியதும் யார்? வேறு யார்.

எச்சரிக்கை நேராகத் தலைமை நூலகருக்கும் தளத்துக்காரர்களுக்கும் போய்விட்டது. எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

"உங்க கஷ்டம் புரியுதும்மா. இன்னொரு தடவை ஆச்சுன்னா நூலகத்துக்கே கதவை மூடிடுவாங்க. அத்தனை பேர் படிப்பு."

அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மார்ச் 24, திங்கள்

கணக்கைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். இனி அவளே நுழைய வேண்டும், வேறு கை படக்கூடாது. இவளுக்கு மட்டும் இரண்டு நிமிடம் கொடுங்கள் என்று தலைமை நூலகர் தளத்துக்காரர்களுக்கு எழுதியிருக்கிறார். நல்ல மனுஷன்.

ஏப்ரல் 3, வியாழன்

பதில் வந்தது. விதி எல்லாருக்கும் பொதுவாம்.

ஏப்ரல் 9, புதன்

இன்று விடுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கைகளை மடியில் கட்டிக்கொண்டு. ஐந்து இலக்கம் வரை வந்துவிட்டாள். ஆறாவதின் மேல் விரல் நடுங்கிக்கொண்டே நின்றது. நேரம் முடிந்தது. மறுபடி. மறுபடி. மூன்று முறை தவறினால் பூட்டிவிடும். பூட்டியது.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் கேட்காது என்று நினைத்தேன். "தண்ணி வீணாகுதுக்கா" என்று அவள் அறையிலிருந்து குரல் வந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

கட்டுரையைப் பற்றிக் கேட்டேன். "விடு" என்றாள். ஜன்னல் விளிம்பில் போகும் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள். விரலைப் பற்றி நான் கேட்கவில்லை. பொத்தான் போடும்போது தெரிகிறது.

மே 15, வியாழன்

ஒன்றுமில்லை.

ஜூன் 16, திங்கள்

வேலை முடிந்து வந்தபோது, பார்த்துக்கொள்ளும் அம்மா அவள் முகத்துக்கு நேராகக் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தங்கை சத்தமாக வாசித்தாள். "அன்பு வாசகரே, மூன்று மாதமாக உங்களைக் காணவில்லை. வீட்டிலிருந்து படிக்கும் உங்களுக்காக எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது."

கணக்கைத் தொடாமல் இருப்பவர்களுக்குத் தானாகப் போகும் செய்தி. வசதி தொடங்கிய காலத்தில் எழுதிக் கொடுத்தது.

"நீ எழுதினதாக்கா?"

"ஆமா."

"நல்லா எழுதியிருக்க."

கேலி இல்லை. உண்மையாகத்தான் சொன்னாள். பிறகு, கட்டில் மேசையில் இருக்கும் கணினியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சின்ன மின்விசிறியை வைக்கச் சொன்னாள். ஒரே புழுக்கமாம்.

வைத்தேன்.