ட்ரான்ஸ்போர்ட் மெனேஜரின் லொறி

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் லோட். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு மிளகும் கராம்பும். ஆடைத் தொழிற்சாலையில் இத்தனை வருடம் மெனேஜராக இருந்தவன், நாற்பத்தேழு வயதில் லொறிப் படியில் காலை வைத்து ஏறும்போது முழங்கால் கடக்கென்றது. நல்ல ஆரம்பம்.

லொறி ஸக்கரியா நானாவுடையது. யட்டவத்தையில் வாசனைச் சரக்கு வாங்கி விற்கிறார். சாவியைக் கையில் தரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, அவசரமான லோட் ஒண்டும் நம்மள்ட்ட இல்ல. மெதுவா போங்க."

இதைக் கேட்கத்தானா இவ்வளவு காலம் காத்திருந்தேன்? தொழிற்சாலையில் மணிக்கு மணி பலகையில் எண் எழுதுவார்கள். எண் குறைந்தால் மேலே இருப்பவர் என்னிடம் கத்துவார், நான் சுப்பர்வைசரிடம் கத்துவேன், அவர் போய் மெஷினில் இருக்கும் பிள்ளையிடம் கத்துவார். அந்தப் பிள்ளை கத்த ஆள் இல்லாமல் அழும். இதற்கு எனக்குச் சம்பளம், கார், அட்டையில் அச்சடித்த பெயர்.

நாலந்தாவில் நிறுத்தி ஒரு செவ்விளநீர் குடித்தேன். போன் அடிக்கவே இல்லை. பழக்கதோஷம், இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

மனைவி நிரோஜா பேசவில்லை. சோறு மட்டும் பேசாமல் வந்து மேசையில் உட்கார்ந்தது.

மார்ச் 8, சனி

பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"ஹெவி லைசென்ஸ் எடுத்தத சொல்லல. வேலைய விடப்போறதையும் கடைசியிலதான் சொன்னீங்க. நான் ஸ்கூல்ல ஸ்டாஃப் ரூம்ல என்னான்னு சொல்றது? எங்க அண்ணனுக்கு என்னான்னு சொல்றது?"

அவள் கேட்டதில் பிழை இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்து, படித்து, டீச்சராகி, ஒரு மெனேஜரைக் கட்டியவள். அவளுடைய தோட்டத்தில் அது பெரிய கதை. அந்தக் கதையில் நான் இப்போது ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆனால் என்னால் திரும்பிப் போக முடியாது. எப்படிச் சொல்வது? விடியும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும் அந்த வாழ்க்கைக்கு— முடியாது. அப்படிச் சொன்னால் அழுவாள் என்று சொல்லவில்லை.

கடைசியில் ஒரு உடன்பாடு. தொழிற்சாலையில் ஜூனில் புது லைன் திறக்கிறார்கள், எச்.ஆர். மேடம் "வந்தால் சந்தோஷம்" என்று சொல்லி வைத்திருக்கிறார். மே முடியும் வரை நான் லொறி ஓட்டலாம். அதற்குப் பிறகும் நிரோஜாவுக்கு வெட்கமாகவே இருந்தால் நான் திரும்பிப் போக வேண்டும். சரி என்றேன். சத்தியம் வேறு பண்ணித் தொலைத்தேன்.

மார்ச் 12, புதன்

அண்ணனிடம் சொல்லிவிட்டாளாம். என்ன சொன்னாய் என்று கேட்டேன். சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"பெரிய கம்பெனி ஒண்ணுல ட்ரான்ஸ்போர்ட் மெனேஜரா போயிருக்காருன்னு சொன்னேன்."

மகள் விதுஷா சிரித்த சிரிப்பில் குடித்த பிளேன்ட்டீ மூக்கு வழியே வந்தது.

மார்ச் 29, சனி

கலேவெலயில் வெங்காயம் ஏற்றினோம். மூட்டை ஏற்றும்வரை மர நிழலில் படுத்தேன். தூங்கியே விட்டேன். பகலில்! விழித்தபோது முகத்தில் எறும்பு, மனதில் ஒன்றுமில்லை. அப்படியும் ஒரு நிலை இருக்கிறது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

நானாவின் மற்ற லொறியை ஓட்டும் ஷிஃபான் எனக்கு ஒரு ஒழுங்கு சொல்லித் தந்தான்: எங்கே போனாலும் திரும்பும்போது வெறும் லொறியோடு வரக்கூடாது. கிடைத்ததை ஏற்று. டீசல் காசாவது தேறும்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. நிரோஜாவின் தோட்டத்துக்குப் போனோம், பஸ்ஸில். அண்ணன் நாகமுத்துவுக்கு ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் தேயிலை ஆலையில், வேலை. கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். என்னைக் கதிரையில் உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே கேட்டார்:

"இப்ப எத்தன லொறி மச்சான் உங்களுக்குக் கீழ?"

"ஒண்ணுதான்" என்றேன். உண்மைதானே.

"பாத்தியா, எவ்வளவு பெரிய ஆளு, எவ்வளவு பணிவு!" என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னார். நிரோஜா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

ஏப்ரல் 30, புதன்

பிரஷர் இறங்கியிருக்கிறது. டொக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். "என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார். வாகனத்தை என்றேன்.

மே 8, வியாழன்

தோட்டத்து மாரியம்மன் திருவிழா வருகிறது. தேர் என்று அங்கே தனியாகக் கிடையாது. தோட்டத்து லொறிக்கு வாழைமரம் கட்டி, அலங்காரம் பண்ணி, அம்மனை ஏற்றி லயம் லயமாகக் கொண்டுபோவார்கள். இந்த வருடம் அந்த லொறி கியர் பொக்ஸ் போய் கராஜில் கிடக்கிறது.

பின்னேரம் நாகமுத்து அண்ணன் தங்கைக்குப் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் இருந்தது, எனக்கும் கேட்டது.

"நம்ம மச்சான் ட்ரான்ஸ்போர்ட் மெனேஜரா இருக்கும்போது நான் ஏன் வெளிய போய்க் கேக்கணும்? ஒரு லொறி அனுப்பச் சொல்லு. ட்ரைவர் மட்டும் நல்ல நிதானமான ஆளா பாத்து அனுப்பச் சொல்லு தங்கச்சி. நம்ம ரோட்டு தெரியும்தானே."

நிரோஜா "சரி அண்ணே" என்று வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"எந்த ட்ரைவர அனுப்பட்டும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்காமல் இருக்க நான் என்ன ரிஷியா?

"ஷிஃபானைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

வலித்தது. எழுதி வைக்கிறேன், வலித்தது.

மே 15, வியாழன்

நானாவிடம் லொறி கேட்டேன். வாடகை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. "சாமி காரியத்துக்கு காசா? கொண்டுபோங்க தம்பி." ஓட்டி வர ஷிஃபானும் சரி என்றுவிட்டான். நாளை தோட்டத்தில் காப்புக் கட்டுகிறார்கள். திருவிழா முடியும் வரை அங்கே எந்த வீட்டிலும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்க மாட்டார்கள். நானும் ரோட்டுக் கடைகளில் மரக்கறிச் சோறுதான் சாப்பிடப் போகிறேன். அன்றைக்கு ஓட்டாவிட்டாலும் தினமும் நான் ஓட்டும் லொறிதானே.

மே 21, புதன்

ஐயோ.

திருகோணமலைக்கு மரக்கறி கொண்டு போனேன். இறக்கியாயிற்று. வெறும் லொறியோடு திரும்பக் கூடாது என்ற ஒழுங்கு மண்டையில் ஏறியிருக்கிறதே, "மாத்தளைக்கு லோட் இருக்கு, எடுக்குறீங்களா?" என்று ஒருவர் கேட்டதும் தலையாட்டிவிட்டேன். தார்ப்பாய் போட்டுக் கட்டும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஹபரணை தாண்டித்தான் காற்று திரும்பி மூக்கில் அடித்தது.

கருவாடு. லொறி நிறையக் கருவாடு.

சனிக்கிழமை இதில்தான் அம்மன் ஏறப் போகிறாள். நான் மட்டும் மரக்கறி சாப்பிட்டு விரதம் காத்தேன், லொறிக்குக் கருவாட்டைப் போட்டேன்! வாய்க்கு வந்தபடி என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். இறக்கிய பிறகு மூன்று வாளி தண்ணீர் ஊற்றினேன். வாசம் இன்னும் கூடியது.

மே 22, வியாழன்

காலையில் நிரோஜாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். வாசலுக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு லொறியைப் பார்த்தாள். இந்த லொறிக்குப் பக்கத்தில் அவள் வந்து நின்றதே இன்றுதான்.

"சவர்க்காரம் போட்டீங்களா?"

"போட்டேன்."

"அதுதான் இப்படி நாறுது. தள்ளுங்க."

ஸ்கூலுக்கு லீவு சொன்னாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டாள். முதலில் அடுப்புச் சாம்பல் போட்டுப் பலகை பலகையாகத் தேய்த்தாள். பிறகு தேசிக்காய், பிறகு மஞ்சள் தண்ணீர். நான் வாளி தூக்கினேன், அவள் அதட்டினாள். ரோட்டில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவளுடைய ஸ்கூல் டீச்சர் ஒருவர் ஸ்கூட்டியை நிறுத்தி, "என்ன மிஸ், யாரோட லொறி?" என்று கேட்டார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"எங்க வீட்டுக்காரர் ஓட்டுறது" என்றாள், தலையைத் தூக்காமலே. தேய்ப்பதையும் நிறுத்தவில்லை.

பின்னேரம் நானா ஒரு சாக்கு நிறைய ஏலக்காய்த் தோலும் கறுவாத் தூளும் அனுப்பியிருந்தார். அதைப் பரப்பிவிட்டு இருவரும் லொறியின் பின்பலகையில் உட்கார்ந்தோம். அவள் கை முழுக்க மஞ்சள்.

"நீங்க ஃபெக்டரியிலருந்து வந்தா நானும் புள்ளையும் டிவி சத்தத்தக் குறைப்போம், தெரியுமா?" என்றாள். "இப்ப ஹோர்ன் கேட்டதும் அவ கேட்டத் தொறக்க ஓடுறா."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவர்கள் இயல்பாகவே அமைதியான ஆட்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கை மஞ்சளைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "ஷிஃபானுக்கு வேணாம்னு சொல்லிருங்க. அந்த ரோட்டுல நீங்களே ஓட்டுங்க" என்றாள்.

"அண்ணனுக்கு?"

"அத நான் பாத்துக்கிறேன்."

மே 24, சனி



நிரோஜாவும் விதுஷாவும் முதல் நாளே தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் இன்று மத்தியானம் லொறியோடு போனேன். கமிட்டிப் பையன்கள் வாழைமரமும் வேப்பிலையும் கட்டும்போது நாகமுத்து அண்ணன் கோயிலுக்குள் இருந்தார். அம்மன் ஏறி, பூசாரி ஏறி, தப்பு அடிக்கத் தொடங்கிய பிறகுதான் வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லொறிக்கு முன்னால் நின்று கை காட்டத் தயாராகி, ட்ரைவரைப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

"மச்சான்? நீங்க ஏன் அங்க இருக்கீங்க? ட்ரைவர் எங்க?"

தாம்பாளத்தோடு பக்கத்தில் நின்ற நிரோஜா சொன்னாள், தப்புச் சத்தத்துக்கு மேலே, எல்லாருக்கும் கேட்க:

"அவர்தான் அண்ணே ட்ரைவர். மார்ச்சுலருந்து. நான்தான் உங்களுக்குப் பொய் சொன்னேன்."

அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். ஊரே காத்திருந்தது.

"அப்பன்னா ஸ்டோர் வளைவுல வலது பக்கம் கான் இருக்கு, பாத்து எடுங்க" என்றார். திரும்பிக் கையைத் தூக்கினார். "வரட்டும், வரட்டும்!"

முதல் கியரிலேயே முழு ஊர்வலமும். லயத்துக்கு லயம் வாசலில் நிறைகுடம். ஒவ்வொன்றிலும் நிறுத்தி எடுக்க வேண்டும். சட்டென்று பிரேக் போட்டால் பூசாரி விழுவார். இறக்கத்தில் முன்னால் பிள்ளைகள் ஆடிக்கொண்டு போகிறார்கள். வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை, கவனித்துக்கொண்டே இவ்வளவு நிம்மதியாக இருந்ததும் இல்லை. ஸ்டோர் வளைவில் அண்ணன் அந்தக் கானுக்குள்ளேயே, தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி நின்று சக்கரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நடு லயத்தில் தேங்காய் உடைக்க வந்த ஒரு அம்மா மூக்கை உறிஞ்சி, "யார் வீட்டுலயோ கருவாடு ஆக்குறாங்கடி!" என்று கத்தினார். நிரோஜா சாம்பிராணித் தட்டைத் தூக்கிக்கொண்டு லொறியைச் சுற்றி ஓடியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பொழுது சாயும்போது அம்மன் கோயிலுக்குத் திரும்பிவிட்டாள். அன்னதானத்தில் அண்ணன் வாளியோடு வந்தார்.

"நம்ம ட்ரான்ஸ்போர்ட் மெனேஜருக்கு இன்னொரு வடை வை" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. நிரோஜாவும் சிரித்தாள். பிறகு அண்ணன் என் பக்கமாகக் குனிந்து மெதுவாக, "கண்ணாடி மாதிரி கொண்டாந்தீங்க மச்சான்" என்றார்.

மே 25, ஞாயிறு

பகல் முழுக்கத் தூங்கினேன்.

ஜூன் 2, திங்கள்

மே முடிந்துவிட்டது. அவளும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம்தான். சத்தியம் பண்ணியவன் நான்.

பல்லேபொலவில் கொறுக்காய்ப் புளி ஏற்றிவிட்டுப் பின்னேரம் வந்தேன். கேட்டைத் திறந்துகொண்டே விதுஷா சொன்னாள்: "அப்பா, ஃபெக்டரி மேடம் அம்மா போனுக்கு எடுத்தாங்க. புது லைனுக்கு எப்ப வாறீங்கன்னு."

கால் படியிலேயே நின்றுவிட்டது. "அம்மா என்னா சொன்னா?"

"'அவர் லொறி ஓட்டப் போயிட்டார் மேடம், வேற ஆள் பாருங்க'ன்னு."

உள்ளே போனேன். நிரோஜா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கு எங்க?"

"திருகோணமலை."

"வரும்போது கருவாடு ஏத்துனா நல்ல கட்டா மீன் கருவாடா பாத்து கொஞ்சம் வாங்கிட்டு வாங்க" என்றாள். "அண்ணன் கேட்டாரு."