மலைக்கு அந்தப் பக்கம் ஒரு துப்பாக்கி

ஜூன் 11, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில். ஸ்டேஷனுக்குப் போய்த் துப்பாக்கியை மீட்டு வந்தாயிற்று. தேர்தல் அறிவித்ததும் ஒப்படைத்தது. ஜனநாயகத்துக்கு என்னால் ஆபத்து வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் அரசாங்கம் கவலைப்படுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வேறு யாரும் என்னைப் பற்றி அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை.

துப்பாக்கிகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பெயர்ச்சீட்டுகள் பாதிக்கு மேல் தரையில். ஏட்டு, "உங்களுது எதுன்னு பாத்து எடுத்துக்கங்க சார்" என்றார். கோயில் வாசலில் செருப்பு தேடுவது போலத்தான். இரட்டைக்குழல், கறுத்த கட்டை. எடுத்தேன், கையெழுத்துப் போட்டேன்.

ஆட்டோக்காரர் உறையைப் பார்த்துவிட்டு, கிடாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்லா வாசிப்பீங்களா என்றார். இன்னும் பழகவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கமலா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

வாங்க: மெஷின் ஆயில். பாத்ரூமுக்கு பல்பு. தோசை மாவு (அரைக் கிலோ போதும், போன வாரம் புளித்துக் கொட்டியது).

ஜூன் 13, வியாழன்

இங்கிலாந்துக்காரரிடமிருந்து மின்னஞ்சல். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பழைய வேட்டைத் துப்பாக்கியின் எண்ணை அனுப்பினால் எந்த வருஷம் செய்தது, எப்படிப்பட்டது என்று பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சொல்வார். முகம் பார்த்ததில்லை. எனக்கு முழு வாக்கியங்களில் எழுதுகிற ஒரே மனிதர்.

முதல் முறை குழலின் அடியில் கண்ட எண்ணை அனுப்பி அசடு வழிந்தேன். அது காப்புரிமை எண்ணாம். அந்தக் கம்பெனியின் எல்லாத் துப்பாக்கியிலும் அதுவே இருக்கும். சட்டைக் காலரில் தைத்த பெயரைப் படித்து, இதுதான் என் பெயர் என்று சொன்ன மாதிரி. இரண்டாம் முறை துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்ததால், லைசென்ஸில் இருக்கும் எண்ணை அனுப்பினேன். ஐந்து இலக்கம், எட்டில் முடிவது.

பதில் இன்று. 1926-இல் செய்தது. அதோடு ஜோடியாகச் செய்தது. ஏழில் முடியும் எண் முதலாவது, எட்டில் முடியும் என்னுடையது இரண்டாவது. துரை ஒன்றால் சுடுவார், பின்னால் நிற்கும் ஆள் மற்றதில் தோட்டா போடுவான், கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் '2' என்று தங்கத்தில் பதித்திருக்கும், அழுக்கைத் துடைத்துப் பாருங்கள் என்கிறார். ஜோடியில் மற்றது எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

தெரியும். மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில், அண்ணன் வீட்டில்.

விசாரிக்கிறேன் என்று பதில் போட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

மெஷின் ஆயில், பழைய பனியன். ஒரு மணி நேரம் தேய்த்ததில் தங்கம் வந்தது. ஆனால் '1'.

முதலில் இங்கிலாந்துக்காரரைச் சந்தேகப்பட்டேன். பிறகு லைசென்ஸ் எழுதிய குமாஸ்தாவை. பிறகு என் கண்ணாடியை. மத்தியானம் பூதக்கண்ணாடி வைத்து, விசையைச் சுற்றி வளைந்த இரும்பில் எண்ணைப் படித்தேன். ஏழில் முடிகிறது. குழலைக் கழற்றி அடியில் பார்த்தேன். காப்புரிமை எண்ணுக்குப் பக்கத்தில் அங்கும் ஏழு.

ஆக, ஸ்டேஷனில் நான் பொறுக்கி எடுத்தது அண்ணனுடையதை. மிச்சமிருந்ததை அவர் எடுத்துப் போயிருக்கிறார். இத்தனை வருஷம் வீட்டில் வைத்திருந்தும் எனக்கு என் துப்பாக்கியின் முகம் தெரியவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய லைசென்ஸைப் பார்த்து எண் எழுதுவதுதான் வழக்கம்.

வேலூரில் ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா ஜோடியாக வாங்கியது. பாகப்பிரிவினையில் நிலம், பம்ப்செட், மாடு எல்லாம் சத்தமில்லாமல் பிரிந்தன. துப்பாக்கி ஆளுக்கு ஒன்று. அவற்றின் பெட்டி மட்டும் ஒன்றே ஒன்று. தோல் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட், இரண்டு பள்ளம். மூத்தவனுக்குத்தான் என்றார் அண்ணன். அப்படியானால் பாதியாக அறுத்துவிடலாம் என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். என் வேடிக்கை என் முகத்தில் தெரிவதில்லை என்று கமலா பலமுறை எச்சரித்திருக்கிறாள். அண்ணன் உள்ளே போய் ரம்பத்தை எடுத்துவந்து என் முன்னால் போட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

கமலாவின் சாவுக்கு வந்தார். பந்தலில் கடைசி நாற்காலி. எழுந்து போனதை நான் பார்க்கவில்லை.

ஜூன் 15, சனி

ஸ்டேஷன். ஏட்டிடம் பட்டும்படாமல் சொன்னேன், ஒரு நண்பருக்கு இப்படி ஆகிவிட்டது என்று. அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு டீ சொன்னார். எந்த நண்பர் என்று கேட்கவில்லை. புது இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறாராம். வியாழக்கிழமை எல்லாத் துப்பாக்கியையும் எடுத்து வரச்சொல்லி லைசென்ஸோடு எண் ஒத்துப் பார்க்கப்போகிறார். ஒத்துவராவிட்டால் பறிமுதல், வழக்கு.

"அதுக்கு முந்தி ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிணு சேந்து வாங்க சார். மாத்திக் குடுத்துடறேன், அஞ்சு நிமிஷ வேலை. தனியா வந்தீங்கன்னா எங்க கையில ஒண்ணும் இல்ல. அண்ணன் தம்பிதான?"

நண்பர் என்று சொன்னேனே என்றேன். சரிங்க சார், நண்பருங்க என்றார்.

என் மேல் வழக்கு வந்தால் பெரிய நஷ்டமில்லை. பேச்சுத்துணைக்கு ஒரு வக்கீலாவது கிடைப்பார். அண்ணன் விஷயம் வேறு. எழுபத்தாறு வயது. அவருக்குத் துப்பாக்கி பீரோவில் தூங்குகிற பொருள் இல்லை. காட்டுப்பன்றி வேர்க்கடலையில் இறங்காமலிருக்க ராத்திரி வானத்தைப் பார்த்து வெடிக்கிற துப்பாக்கி. அதைப் பிடுங்கி, கோர்ட் வராண்டாவில் அவரை நிற்கவைத்தால், அதுவும் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த காரணத்தால்.

போன் செய்ய வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

செய்யவில்லை.

புனேயிலிருந்து மகள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வேறென்ன. வேறொன்றுமில்லை என்றேன். பாத்ரூம் பல்பு மாற்றினேன்.

ஜூன் 18, செவ்வாய்

நேரில் போவது மேல் என்று தோன்றியது. சாயந்திரம் கிரிவலப் பாதையில் நடந்தேன். கூட்டமில்லை. ஒரு தெலுங்குக் குடும்பம் வழி நெடுக எனக்கு முன்னால், அவர்களுடைய பாட்டிக்கு முட்டிவலி என்பது அடி அண்ணாமலை வருவதற்குள் எனக்கு மனப்பாடம்.

அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் செருப்பை அவருக்குத் தெரியாது. வேகத்தைக் குறைத்தேன். அவர் தலை நிமிர்கிற மாதிரி இருந்தது. வேகத்தைக் கூட்டினேன்.

ஊர் மொத்தமும் எதையாவது வேண்டிக்கொண்டு மலையைச் சுற்றுகிறது. ஒரு கதவைத் தட்டாமலிருக்க முழுச்சுற்றும் சுற்றியவன் அநேகமாக நான் ஒருவன்தான். கால் வலி. தைலம்.

ஜூன் 19, புதன்

நாளை வியாழன். காலையில் மூன்று முறை எண்ணை அழுத்தி நிறுத்தினேன். நான்காவது முறை அடித்தே விட்டது.

அண்ணிதான் எடுத்தார். குரலைக் கேட்டதும் யார் செத்தது என்று கேட்டார். யாருமில்லை அண்ணி, துப்பாக்கி மாறிப்போச்சு என்றேன். பிறகு திரும்பி அண்ணனிடம் சொல்வது கேட்டது. அண்ணன் கேட்ட கேள்வியும் கேட்டது: சாப்பிட்டானா? அண்ணி அதை என்னிடம் கேட்கவில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுவாராம் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மாவு வாங்க மறந்தேன்.

ஜூன் 20, வியாழன்

பத்து மணிக்கு என்றவர் ஒன்பதரைக்கே வந்து மரத்தடியில் நின்றார். ஷேர் ஆட்டோவில், துப்பாக்கியைக் கோணிச் சாக்கில் சுற்றி. நான் வணக்கம் என்றேன், யாரோ வட்டாட்சியரைப் பார்த்த மாதிரி. அவர் தலையசைத்தார்.

ஏட்டு மாற்றிக் கொடுப்பதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். இளைஞர். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அப்பா போன பிறகு அவை அப்படிச் சேர்ந்து கிடந்து நான் பார்த்ததில்லை.

எண்ணைப் படிக்கச் சொன்னார். அண்ணன் குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், நிமிர்ந்தார். கண்புரை போலிருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, யாரும் சொல்வதற்கு வழியும் இல்லை.

"நீயே படிடா," என்றார். "நீ படிச்சா சரி."

படித்தேன். ஏழு அவருடையது, எட்டு என்னுடையது. எப்படி இவ்வளவு ஒரே மாதிரி என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு விளக்கமும் சொன்னேன். 1926-இல் ஒன்றாகச் செய்தவை, ஒரே ஆள் மாற்றி மாற்றிச் சுடுவதற்காக.

இன்ஸ்பெக்டருக்கு உண்மையிலேயே ஆர்வம். "அப்ப ஒருத்தருக்குத்தான் ரெண்டும். நீங்க ஏன் சார் ஆளுக்கொண்ணா பிரிச்சி வச்சிருக்கீங்க?"

ஏட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சொல்லுடா," என்றார் அண்ணன். "நீதான படிச்சவன்."

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். வழக்கு வேண்டாம், எச்சரிக்கையோடு சரி என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டு கையெழுத்து. வெளியே வந்ததும் நான் டீ என்று ஆரம்பித்தேன். ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. அண்ணன் ஏறும்போது உள்ளிருந்து யாரோ கை கொடுத்தார்கள், நான் நீட்டுவதற்குள்.

ஜூன் 22, சனி

நேற்று பௌர்ணமி, விடியும்வரை தெருவில் கால் சத்தம். இன்று ஊர் முழுக்கக் காகிதத் தட்டு. இங்கிலாந்துக்காரருக்கு எழுதினேன், மற்றது நலமாக இருக்கிறது என்று.

சாயந்திரம் போன் அடித்தது. மகள் நாளைதான் கூப்பிடுவாள். அண்ணனே பேசினார். ஹலோ சொல்லவில்லை.

"என்னோடது எந்த வருஷத்துத் துப்பாக்கிடா?"

முந்தாநாள் அவர் பக்கத்தில் நின்றுதான் வருஷத்தைச் சொன்னேன். அவருக்குப் புரை கண்ணில்தான். காது நன்றாகவே கேட்கிறது.

"அதத் தனியாப் பாக்கணும்ணா. பாத்துட்டு நாளைக்கிச் சொல்றேன்."

"எத்தினி மணிக்கு?"

ஆறு என்றேன்.