கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி

இன்ஸ்ப்ரூக்
4 மார்ச் 2013

அன்புள்ள ரோஸி அக்கா,

நீ கேட்டபடி இதை நீ வேலை செய்யும் பாலர் பள்ளி முகவரிக்கே அனுப்புகிறேன். கைப்பேசியை விட்டுவிட்டுக் கடிதத்துக்குத் திரும்பிய ஒரே மனுஷி நீதான் என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். எனக்கு இது பிடித்துத்தான் இருக்கிறது.

உங்கள் புது வீட்டின் காற்றையும் வெப்பத்தையும் நானே திட்டமிட்டுத் தருகிறேன். கூலியாக, வறுத்த வெங்காயம் தூவிய உன் சீஸ் நூடுல்ஸ் ஒரு சட்டி நிறைய. விஷயம் எளிதுதான். எந்த இடுக்கிலும் குளிர் நுழையாதபடி வீட்டை இறுக்கிக் கட்டிவிடுவோம். ஓர் இயந்திரம் படுக்கையறைகளுக்குப் புதுக் காற்றைக் கொடுக்கும். சமையலறை, குளியலறை வழியாகப் பழையதை இழுத்துக்கொள்ளும். வெளியே போகிற காற்று தன் சூட்டை உள்ளே வருகிற காற்றிடம் கொடுத்துவிட்டுத்தான் போகும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரே வேண்டாம். தரைக்கடியில் கொஞ்சம் வெந்நீர் ஓடினால் போதும். அறைக் கதவுகளுக்கு அடியில் மட்டும் ஒரு விரல் இடைவெளி விட வேண்டும், காற்று ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடந்துபோக.

நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றி ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயும் ஆள் கணக்கில்தான் காற்று. உங்கள் வீட்டுக்கு நான்கு பேர் என்று போட்டிருக்கிறேன். ஐந்தாவது வருவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு, பிறகு குழாய் மாற்ற முடியாது!

குழந்தைகள் வாலென்டினுக்கும் ஃப்ளோராவுக்கும் முத்தங்கள்.

உன் கோர்டுலா

*

டோர்ன்பிர்ன்
12 மார்ச்

அன்புத் தங்கச்சி,

ஐந்தாவது கிடையாது. நான்கே போதும்.

வரைபடத்தை உன் அத்தான் ஆர்னோவிடம் காட்டினேன். “அவ்வளவு படிச்சு, கடைசியில உன் தங்கச்சி காத்தை அளந்து விக்கிறாளா?” என்று சிரித்தார். ஆனால் வெப்பச் செலவு எவ்வளவு குறையும் என்று பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறார்.

ஒன்றே ஒன்று. அந்த ஒரு விரல் இடைவெளி எங்கள் படுக்கையறைக்கு வேண்டாமே? குழந்தைகள் அறை எதிரில்தான் இருக்கிறது. வாலென்டினுக்கு லேசான தூக்கம். காற்றுக்குழாய் வழியாகவும் சத்தம் போகுமா?

இந்த அடுக்ககத்தில் சத்தம் பெரிய தொல்லை. ஏதாவது கேட்டால் கீழ்வீட்டு மெட்ஸ்லர் அம்மா, எல்லா மாடிக்கும் போகும் ரேடியேட்டர் குழாயைக் கரண்டியால் தட்டுவார். மறுநாள் மாடிப்படியில் பார்த்தால், “என்ன ரோஸி, மறுபடியும் அலமாரி விழுந்துச்சா?” எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியாது. புது வீட்டில் அந்த வெட்கம் இருக்காது. அடுத்த வீடு புல்வெளிக்கு அந்தப் பக்கம்.

சரியாகச் சாப்பிடு. இருமல் போனதா?

ரோஸி

*

இன்ஸ்ப்ரூக்
18 மார்ச்

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. நீ அனுப்பிய தேன் தீர்ந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்கிறார் மருத்துவர்.

குழாயில் சத்தம் போகும். அதற்கு ஒலி அடக்கி என்று ஒன்று உண்டு; உள்ளே பஞ்சு வைத்த தடித்த குழாய். ஒவ்வோர் அறைக்கும் ஒன்று போடலாம். கதவையும் இறுக்கமாக வைத்துவிட்டு, நிலைக்கு மேலே சுவருக்குள் காற்றுக்கு வளைந்த வழி விடலாம். காற்று போகும், சத்தம் போகாது. அவ்வளவு பெரிதா அத்தானின் குறட்டை?

இதுவரை எழுதி இரண்டு நாள் வைத்திருந்தேன். உங்கள் அலமாரி விழாது, அக்கா. நீங்கள் குடிவந்த வாரம் நாம் இரண்டு பேரும்தானே அதைச் சுவரோடு சேர்த்துத் திருகினோம்? என் உள்ளங்கை கொப்பளித்துப்போனது.

என்ன சத்தம் அது?

கோர்டுலா

*

டோர்ன்பிர்ன்
2 ஏப்ரல்

கோர்டுலா,

அலமாரி இல்லை. உனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் சொல்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

ஆர்னோ எப்போதுமே அப்படி இல்லை. பின்னால் அழுதுவிடுவார். மெட்ஸ்லர் அம்மா குழாயைத் தட்டினால் உடனே நிறுத்திவிடுவார், ஒரு தட்டு போதும். பிறத்தியார் காதில் விழுவது அவருக்குத் தாங்காது. சில சமயம் சுவரோரம் நின்றுகொண்டு, தட்டுங்களேன் அம்மா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பேன்.

“இந்தப் பொந்துல மனுஷன் மூச்சு விட முடியுமா? புது வீட்டுக்குப் போனா எல்லாம் சரியாயிடும் ரோஸி” என்கிறார். ஆகலாம்.

வாலென்டின் காலையில் எதுவும் கேட்பதில்லை. என் காப்பிக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து வைக்கிறான். எட்டு வயதுப் பையன். அதுதான் என்னால் முடியவில்லை. குழந்தைகள் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது. உன்னால் முடியும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த ஒலி அடக்கியைப் போட்டுவிடு.

ரோஸி

*

இன்ஸ்ப்ரூக்
5 ஏப்ரல்

என் அக்கா,

போட மாட்டேன்.

அந்த வீட்டை நினைத்துப் பார். ஜன்னலுக்கு மூன்று கண்ணாடி. முழங்கை அளவு தடித்த சுவர். தட்டுவதற்குக் குழாய் இல்லை, தட்டுவதற்கு ஆளும் இல்லை. நீ கேட்பதையும் சேர்த்துவிட்டால், அங்கே நடப்பது அவர் ஒருவர் காதில்தான் விழும். அவருக்குக் கேட்காது என்று உனக்கே தெரியும். அப்படி ஒரு வீட்டை உனக்கு என் கையால் வரைந்து தர மாட்டேன்.

வேறொரு கணக்குப் போட்டேன். இங்கே என் வீட்டில் புத்தகம் அடைந்து கிடந்த சிறிய அறையைக் காலி செய்துவிட்டேன். தச்சரைக் கூப்பிட்டு அதன் கதவை அடியில் இழைக்கச் சொன்னேன். மூன்று பேருக்குக் காற்று போதும். பழைய ரேடியேட்டர் இருக்கிறது. கீழே இருப்பவர் டிராம் ஓட்டுகிறவர், தும்மினால்கூடத் தட்டுவார்.

எந்த நாள் என்று மட்டும் சொல். பாலர் பள்ளி வாசலில் காருடன் நிற்கிறேன். குழந்தைகளின் குளிர்ச் சட்டை மட்டும் எடுத்துக்கொள், மற்றதெல்லாம் இங்கே வாங்கலாம்.

கோர்டுலா

*

டோர்ன்பிர்ன்
15 ஏப்ரல்

கோர்டுலாவுக்கு,

என்னை அழைத்துப்போக வந்த ஆர்னோவிடமே பள்ளியில் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். இருவரும் சேர்ந்து படித்தோம். எங்கள் குடும்ப விஷயத்தில் நீ தலையிட்டது எங்கள் இருவருக்கும் வருத்தம். வேறொரு பொறியாளரை அமர்த்தியிருக்கிறோம். எல்லா அறைகளுக்கும் ஒலி அடக்கி வைக்க அவர் ஒப்புக்கொண்டார். நான் பள்ளி வேலையை விட்டுவிட்டேன். இனி எழுத வேண்டாம்.

திருமதி ரோஸ்விதா ப்யோஷ்

*

இன்ஸ்ப்ரூக்
10 பிப்ரவரி 2014

அக்கா,

எழுதிய எதற்கும் பதில் இல்லை. இதைத் தபாலில் போடவில்லை. தேவாலயத்தில் ஞாயிறு பூசையின்போது உன் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துவிடுவதாக மெட்ஸ்லர் அம்மா சொல்லியிருக்கிறார். “இப்பல்லாம் மாடி அமைதியாத்தான் இருக்கு. அதுதான் எனக்குத் தூக்கமே வரல” என்றார்.

காவல் நிலையத்துக்கும் போனேன். “அந்தப் புது வீட்டுக்குப் பக்கத்துல யாரும் புகார் குடுக்கலையேம்மா. சத்தம் கேட்டதுன்னு ஒருத்தராவது சொல்லணும்ல?” என்று கேட்டார்கள். யார் சொல்வார்கள்?

நேற்று உன் புது வீட்டுக்கு வந்தேன். ஆர்னோ உனக்குச் சொன்னாரா? கூரையில் பனி கொஞ்சமும் உருகாமல் கிடந்தது. சூடு துளிகூட வெளியே கசியவில்லை என்று அர்த்தம். நல்ல வேலை. ஆனால் சாலையிலிருந்து பார்த்தால், ஆளே இல்லாத வீட்டின் கூரையும் அப்படித்தான் இருக்கும்.

ஆர்னோ கதவை ஒரு கை அளவு திறந்தார். “ரோஸிக்குத் தலைவலி, படுத்திருக்கா. கதவைத் திறந்து வெச்சிட்டுப் பேச முடியாது, சூடு போகுது.” சாத்திவிட்டார். நான் தட்டினேன். உள்ளே கேட்டிருக்காது.

மேல் ஜன்னலில் வாலென்டின் நின்றான். என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். வாய் அசைந்தது. மறுபடியும் சொன்னான், கொஞ்சம் பெரிதாக என்று நினைக்கிறேன். மூன்று கண்ணாடி, அக்கா. ஒரு வார்த்தையும் என்னிடம் வரவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் பிறகு, உங்கள் சாலை திரும்பும் இடத்தில் காருடன் நிற்பேன். சிறிய அறை அப்படியே இருக்கிறது. வர முடியாவிட்டால், அவர் கை ஓங்கும்போது ஒரு ஜன்னலையாவது திறந்துவிடு. புல்வெளி தாண்டிக் கேட்கட்டும்.

சூடு போனால் போகட்டும்.

கோர்டுலா