விசாரிக்க வருகிறவர்கள்

மே 15, வியாழன்

அந்தப் பிள்ளை இன்று என்னோடு தெல்தெனிய பஸ்ஸில் ஏறினாள். ஏழு மாதமாக எந்த பஸ்ஸிலும் ஏறாதவள். (பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். இந்த நாட்குறிப்புக் கொப்பியை உம்மா எப்போது தூக்கிப் பார்ப்பார் என்று யாருக்குத் தெரியும்?) கூட்டம் நெரித்தது. கண்டக்டர் கத்தினார். "மௌத்தாப் போயிருவேன் மிஸ்" என்று என் கையைப் பிடித்தாள். செத்துப்போவோம் என்ற அந்த எண்ணம்தான் அவளுடைய நோய். "அப்படித்தான் மனசு சொல்லும். எறங்காம இருந்து பார்ப்போம், என்ன நடக்குது என்டு" என்றேன். குண்டசாலை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். திரும்பி வரும்போது எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தாள்.

பயிற்சி முடிந்ததும் எனக்கென்று ஓர் அறை தருவதாக எங்கள் மனநல ஆலோசனை நிலையத்தை நடத்தும் ஜெயராணி மிஸ் சொல்லியிருக்கிறார். எண்ணத்தையும் நடத்தையையும் பிடித்துத் திருத்துகிற இந்த வேலை எனக்கு வரும் என்று இன்றுதான் நம்பினேன்.

மே 18, ஞாயிறு

மஸீனா மாமி வந்தார். ஊரில் யார் வீட்டுச் சம்பந்தம் என்றாலும் விசாரிக்கும் பொறுப்பு அவருடையது. யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டுத் தேநீர் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"ஸுமைரா, மகள், அந்தப் புள்ள ஒங்கட எடத்துக்கு வாறதா?" என்று என்னோடு பஸ்ஸில் வந்தவளுடைய பெயரைச் சொன்னார். அவளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்களாம்.

"அதெல்லாம் நான் சொல்ல ஏலாது மாமி."

"சரி, சரி" என்று கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். நன்றாகவே சமாளித்தேன்.

மே 22, வியாழன்

அந்தப் பிள்ளை வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை.

மே 25, ஞாயிறு

அந்தப் பிள்ளையின் சம்பந்தம் முறிந்துவிட்டது. உம்மா மீன் கழுவிக்கொண்டே சொல்கிறார், இன்று மழை வரும் என்பது போல. "அதுக்கு மண்டைல கோளாறாமே." யார் சொன்னது? மஸீனா மாமி. அவருக்கு யார் சொன்னது?

நேரே மாமி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கத்தினேன். "நான் ஒண்டும் சொல்லல்லயே!"

அவருக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. "நோன்புக்கு முந்தி ஜஹானாட மகளப் பத்திக் கேட்டேன். 'சேச்சே, அவ வந்ததே இல்ல' என்டு சிரிச்சீங்க. அதுக்கு முந்திக் கேட்ட புள்ளைக்கும் இல்ல என்டீங்க. இதுக்கு மட்டும் ஏலாது என்டா எங்களுக்கு வெளங்காதா மகள்?"

விளங்கும். ஏன் விளங்காது? வராத பிள்ளைகளுக்கெல்லாம் நான் சிரித்துச் சிரித்து நற்சான்று கொடுத்திருக்கிறேன். வந்தவளை வாயை மூடியே காட்டிக் கொடுத்துவிட்டேன்.

மே 26, திங்கள்

கோபம் நூற்றுக்கு எத்தனை என்று நிலையத்துக்கு வருகிறவர்களைக் கேட்கிறேனே. நூறு. இதற்கு வேறு விளக்கம் இருக்கிறதா? இல்லை. மூச்சை மெதுவாக விட்டுப் பார்க்கவா? போடி. மாமி மேல் கோபம். மாப்பிள்ளை வீட்டார் மேல் கோபம். பஸ்ஸுக்குப் பயந்த ஒருத்தியைப் பைத்தியம் என்கிற இந்த ஊர் மேல் கோபம். எல்லாரையும் விட என் மேல்.

ஜூன் 2, திங்கள்

ஜெயராணி மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ரூம் விசயத்த அப்பறம் பார்ப்போம். மொதல்ல அந்தப் புள்ளகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார்.

இந்தத் தடவை ஃபோன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். கடைசியில், "பொய் சொல்லியிரிக்கலாமே மிஸ்" என்று வைத்துவிட்டாள்.

இவளுக்கு ஒரு பொய். அடுத்தவளுக்கு இன்னொன்று. ஒரு பொய் பிடிபட்டால் பிறகு யார் என்னை நம்பி வாய் திறப்பார்கள்? இனி யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான்: சொல்ல மாட்டேன். வந்தவராயிருந்தாலும் சரி, வராதவராயிருந்தாலும் சரி, அடுத்த வீட்டுப் பூனையாயிருந்தாலும் சரி.

ஜூன் 22, ஞாயிறு

தங்கச்சி மின்ஹாவுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது. அஹ்னாப் என்று பெயர். அவளுக்குப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிகிறது. உம்மா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பொடியன் ஒன்ட எடத்துக்கு வந்திரிக்கானா?"

அவனை நான் கண்ணால் கண்டதே இல்லை.

"சொல்ல மாட்டேன் உம்மா."

"அப்ப வந்திரிக்கான்."

"இனி யாரப் பத்திக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அதுக்கு வேற ஒரு அர்த்தமும் இல்ல."

"ஜஹானாட மகளுக்குச் சொல்லத் தெரிஞ்ச வாய்தானே இது?"

கதவு திறந்தது. மின்ஹா நின்றாள். "ராத்தா, ஒரு சொல்லுதானே. எனக்காக."

'அவன் வந்ததே இல்ல' என்ற சொல் வாய் வரை வந்தது. மின்ஹாவைப் பார்க்க முடியவில்லை. "ஏலாது" என்றேன். யார் மேல் இவ்வளவு கோபம் என்று எனக்கே தெரியவில்லை, கத்தித்தான் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

அஹ்னாப் வீட்டாருக்கு, வேண்டாம் என்று உம்மா சொல்லி அனுப்பிவிட்டார். மின்ஹா தலையணையை எடுத்துக்கொண்டு உம்மாவின் அறைக்குப் போய்விட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

வியாழக்கிழமை அந்தப் பிள்ளை வந்தாள். பஸ்ஸில், தனியாக. "ஒங்கட தங்கச்சிட கதை கேள்விப்பட்டேன் மிஸ்" என்றாள். "ஒங்கட கதையப் பேசுவோம்" என்றேன். பேசினாள். அறையைப் பற்றி ஜெயராணி மிஸ் இன்னும் வாய் திறக்கவில்லை.

இன்று பகல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உம்மாவுக்கு மஸீனா மாமியின் ஃபோன் வந்தது. வேறொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றி. உம்மா வெடித்தார்:

"அவளக் கேட்டு வேல இல்ல! சொந்தத் தங்கச்சிக்கே வாய் தொறக்காதவ, ஒங்களுக்கா சொல்லப் போறா? இனி இதுக்கெல்லாம் இந்த வீட்டுக்கு ஃபோன் எடுக்க வேணாம்!"

ஃபோனை மேசையில் அடித்து வைத்தார். மாமி இதை ஊர் முழுக்கச் சொல்வார்; இனி என் 'ஏலாது'வுக்கு யாரும் அர்த்தம் தேட மாட்டார்கள். மின்ஹா பாதிச் சோற்றோடு எழும்பிப் போனாள்.