திரையில் வந்த என் பேச்சு

ஜூலை 8, செவ்வாய்

நேற்று வேங்கிக்காலில் நாள் முழுக்கப் பயிற்சி. "வகுப்பறைக்கான இலவச இணையக் கருவிகள்." நாற்பத்தொரு இணைப்புகள் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்கள். "இதெல்லாம் பழகிட்டீங்கன்னா உங்க வேலை பாதி கம்மி மேடம்" என்றார் பயிற்சி கொடுத்தவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப்பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்கினோம்.

இன்று காலை ஹெச்.எம். கோதண்டராமன் சார் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார். "ஜெயமதி டீச்சர், நீங்கதான போயிட்டு வந்தீங்க. மாசத்துக்கு நாலு கருவி பயன்படுத்தினதா அறிக்கை அனுப்பணும். ஆரம்பிச்சிடுங்க."

பயன்படுத்தணும்னு சொல்லலை. பயன்படுத்தினதா அறிக்கை.

பத்தொன்பது வருஷமாக அறிவியல் சொல்லித் தருகிறேன். சாக்பீஸும் தொண்டையும்தான் என் கருவி. காலையிலிருந்து எரிச்சல். எரிச்சல்தானா? புதுசாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் வயசு தாண்டிவிட்டதோ என்ற பயத்துக்கு எரிச்சல் என்று பேர் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

நாற்பத்தொன்றில் பதினொன்று திறக்கவே இல்லை. ஒன்பது, "பதினாலு நாள் இலவசம்." மீதியில் பாதி இங்கிலீஷ்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று பௌர்ணமி. கிரிவலப் பாதையை ஒட்டிய பள்ளிக்கூடம் என்பதால் பௌர்ணமி வந்தால் வகுப்பில் பாதி காலி. பிள்ளைகள் எல்லாம் கடையில் அப்பா அம்மாவுக்கு ஒத்தாசை. இன்றும் தூங்கி வழிந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பை ஹைடெக் லேபுக்குக் கூட்டிப்போனேன். பாட்டரி, ஒயர், பல்பு எல்லாம் திரையிலேயே இழுத்து இணைக்கிற தளம் ஒன்று. ஒயரைச் சரியாக மாட்டினால் பல்பு எரிகிறது, ஜாஸ்தி பாட்டரி வைத்தால் தீப்பிடிக்கிறது. தூக்கம் எல்லாம் போய், யார் முதலில் தீ வைப்பது என்று போட்டி. நானும் ஒரு தடவை வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

கவியாவை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. போன வருஷமும் என் வகுப்பில்தான் இருந்தாள். கேள்வி கேட்டால் என் வாயையே பார்ப்பாள், பிறகு ஒரு சிரிப்பு. "எழுந்திரு"ன்னா நோட்டை எடுக்கிறாள். இன்று எல்லாரும் மவுசை வைத்த பிறகும் அவள் வைக்கவில்லை. மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை கத்தினேன். அதற்கும் அதே சிரிப்பு. திமிர்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று வினாடி வினா தளம். கேள்வி திரையில் வரும், பிள்ளைகள் விடையை அழுத்தணும், மதிப்பெண் உடனே வந்துவிடும். இருபதுக்குப் பதினெட்டு — கவியா. வகுப்பிலேயே அவள்தான் ஜாஸ்தி.

நேற்று இதே பாடத்தில் வாய்மொழியாக ஐந்து கேள்வி கேட்டேன். ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. இன்று பதினெட்டா?

"யாரைப் பாத்து அடிச்ச?" என்று கேட்டேன். சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தேன். அம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

கவியாவின் அம்மா தமிழ்செல்வி வந்தாள். பாதையோரம் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். கையில் மாவு காயாமலே ஓடி வந்திருந்தாள். எல்லாம் சொன்னேன். கவனம் இல்லை, பதில் சொல்வதில்லை, காப்பி, கேட்டால் சிரிப்பு.

"வீட்லயும் இப்டித்தான் டீச்சர். ஒண்ணு சொன்னா ஒண்ணு செய்யறா" என்றாள். சொல்லிக்கொண்டே திரும்பி மகளை ஓர் அறை விட்டாள். நான் நிற்கிறேன், கணக்கு டீச்சர் அருணாதேவி நிற்கிறாள், எல்லார் எதிரிலும். சத்தம் வராண்டா முழுக்கக் கேட்டது.

"அடிக்காதீங்கம்மா" என்றேன். அடித்து முடித்த பிறகு.

ஜூலை 22, செவ்வாய்

தொண்டை கட்டிக்கொண்டு மூன்று நாளாகிறது. குரல் காற்றாகத்தான் வருகிறது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்தேழாவது: நாம் பேசப் பேச அதைத் தமிழ் எழுத்தாகக் காட்டும். செல்போனைப் புரொஜக்டரில் இணைத்து, வாய்க்குக் கிட்டே மைக்கைப் பிடித்து மெதுவாகப் பேசினேன். திரையில் பெரிய பெரிய எழுத்தாக என் பேச்சு ஓடியது.

"மின்தடை" என்றேன். "மீன் தடை" என்று வந்தது. வகுப்பே சிரித்தது.

அப்போதுதான் பார்த்தேன். கவியா சிரித்தாள். அவள் எப்போதும் சிரிப்பவள்தான். ஆனால் எல்லாரும் சிரித்து ஒரு நொடி கழித்து, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். இன்று எல்லாருக்கும் முன்னால் சிரித்தாள்.

பிறகு "ஓம் விதி" என்றேன். "ஓம் வீதி" என்று விழுந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், ஓம் வீதியில தேர் வருமா?"

கவியா. ரெண்டு வருஷத்தில் அவள் வகுப்பில் தானாகப் பேசிய முதல் பேச்சு. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு கேள்வி கேட்டேன். அது திரையில் வந்தது. கை தூக்கினாள். அடுத்த கேள்விக்கும். அடுத்ததற்கும்.

திரையில் வந்தால் மட்டும் அவளுக்குப் புரிகிறதா?

ஜூலை 23, புதன்

திரையை அணைத்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் போய் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். கவியா. இன்னொரு தடவை. மூணாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே.

மற்ற நாற்பது பேரும் திரும்பினார்கள்.

ஜூலை 24, வியாழன்

சாப்பிடப் பிடிக்கவில்லை. எங்கள் ஜைன வீட்டு வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் — தட்டை வைத்துக்கொண்டு அளைந்துகொண்டிருந்தேன். "இன்னா ஆச்சு?" என்றார் என் வீட்டுக்காரர் ஸ்ரீபால். சொன்னேன்.

"உனக்கு எப்படித் தெரியும்? பெத்தவங்களுக்கே தெரியல."

"அவங்க தினமும் எதிர்ல நின்னு அவளோட முகத்தைப் பாத்துக்கிட்டா இருக்காங்க? நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்?"

எப்படியாவது நான் நினைத்தது தப்பாக இருக்கட்டும் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் அவளுக்கு நல்லது. அவளுக்காகவா எனக்காகவா?

ஜூலை 25, வெள்ளி

காது கேட்கும் அளவை நாமே பார்த்துக்கொள்ள ஒரு இலவசப் பக்கம் இருக்கிறது. "இது மருத்துவப் பரிசோதனை அல்ல" என்று மேலேயே போட்டிருக்கிறது. உணவு இடைவேளையில் கவியாவை லேபுக்கு அழைத்தேன். பயந்துகொண்டே வந்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டதும் கை தூக்கு என்று தாளில் எழுதிக் காட்டினேன்.

ஒவ்வொரு படியாகச் சத்தத்தை ஏற்றினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் — எப்போது கை தூக்க வேண்டும் என்று என் முகத்தில் தேடினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்னும் ஒரு படி. இன்னும் ஒன்று.

ஹெட்போனுக்கு வெளியே நிற்கும் எனக்கே கேட்டது. அவள் கை தூக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

பள்ளி விட்டதும் தமிழ்செல்வியின் கடைக்குப் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கவியாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, அவள் காப்பி அடிக்கவில்லை, தப்பு என்னுடையது.

கழுவின தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"சின்னதுல காதுல சீழ் வந்துச்சு. மருந்து ஊத்தினோம், நின்னுட்சி. ரெண்டு வருஷமா திமிர் புடிச்சவன்னு சொன்னது நீங்க. உங்க பேச்சைக் கேட்டுத்தான் எல்லார் எதுருலயும் அறைஞ்சேன். இப்ப வந்து செவிடுன்றீங்க. நாளைக்கு வந்து இன்னா சொல்வீங்க?"

"ஆஸ்பத்திரியில ஒரு தடவை —"

"போங்க டீச்சர். வியாபார நேரம்."

அந்த நேரத்தில் கடையில் ஒரு ஆளும் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எல்லாப் பீரியடிலும் மைக்கைப் பிடித்தபடி பேசுகிறேன். நெட்வொர்க் போனால் கரும்பலகையில் எழுதுகிறேன். கவியா முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். பாடம் முடிந்ததும் திரையில் வந்ததை அப்படியே எடுத்து, மீனை எல்லாம் மின் ஆக்கி, அச்சடித்துக் கொடுக்கிறேன்.

விஷயம் ஹெச்.எம். காதுக்குப் போய்விட்டது. "பிரமாதம் டீச்சர்! அந்தப் பொண்ணைத் திரை பக்கத்துல நிக்க வச்சி ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க, அறிக்கையில வச்சிடலாம்."

"முடியாது சார்."

இந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னதே இல்லை. அவருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் நான் மாற்றிச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தமிழ்செல்வியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கடையைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்குகிறேன். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை பிரேயர் முடியுமுன்னே தமிழ்செல்வி வாசலில் நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அன்னிலேர்ந்து நானும் பின்னால நின்னு கூப்ட்டுப் பாத்துக்கினே கீறேன் டீச்சர். திரும்பவே இல்ல. நான் கத்தினா மட்டும் திரும்பறா. கத்திக் கத்தியே வளத்துட்டேன். என் தொண்டையே அப்டின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நானும் அவளிடம் கத்தியவள்தானே?

"எப்ப போலாம்?" என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

அரை நாள் லீவு போட்டு மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் கவியா, வெளியே நாங்கள். ரெண்டு காதிலும் பாதிக்கு மேல் கேட்கவில்லை. பரிசோதனை செய்த பெண் சொன்னார்: "இவ்ளோ நாள் உதட்டைப் பாத்தே சமாளிச்சிருக்கா. ரொம்பக் கெட்டிக்காரி."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று நடத்திய பாடம் எவ்வளவு இருக்கும்? ரெண்டு வருஷத்தில்?

திரும்பும்போது ஆட்டோவில் அவள் முகத்துக்கு நேரே கேட்டேன். "சரியா கேக்கலைன்னு ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"எல்லாருக்கும் இப்டித்தான் கேக்கும்னு நெனச்சேன் டீச்சர். அவங்களுக்குப் புரியுது, எனக்குப் புரியல. நான் மக்குன்னு நெனச்சேன்."

தமிழ்செல்வி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாலையில் லேபில் அவளும் நானும் மட்டும். நேரே சொல்ல வாய் வரவில்லை. மைக்கை எடுத்துப் பேசினேன். "கவியா, நீ காப்பி அடிக்கலை. நான்தான் உன்னைச் சரியாகப் பார்க்கலை. உன்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். உன் அம்மா அடித்ததற்கு நான்தான் காரணம். என்னை மன்னிச்சிடு."

இன்றைக்கென்று ஒரு எழுத்துகூடத் தப்பு வரவில்லை. அத்தனை பெரிய எழுத்தில் என்னால் பார்க்க முடியவில்லை. அவசரமாக அழிக்கப் போனேன்.

"அழிக்காதீங்க டீச்சர். இன்னும் படிச்சி முடிக்கல."

கையை எடுத்துக்கொண்டேன். அவள் மெதுவாகப் படித்தாள், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே. பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டாள். "அம்மா தேடும்." போய்விட்டாள்.

மன்னித்தாளா? கேட்க எனக்கு என்ன உரிமை.

செப்டம்பர் 3, புதன்

காது மெஷினுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாயிற்று. தமிழ்செல்வி கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்க, டீச்சரும் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள். எனக்கு அதில் இடமே இல்லை. ஓரத்தில் போட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அருணாதேவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்த இருபத்தேழாம் நம்பரை என் போன்லயும் போட்டுக் குடு. கணக்குல அந்தப் பொண்ணு தேறமாட்டான்னு போன வருஷமே எழுதிட்டேன்." தலையை நிமிர்த்தவே இல்லை. போட்டுக் கொடுத்தேன். அது வர்க்கமூலத்தை என்ன செய்யப்போகிறதோ.

அக்டோபர் 14, செவ்வாய்

மெஷின் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். பத்து நிமிஷத்தில் கழற்றிப் பையில் வைத்துவிட்டாள். ஃபேன் சத்தம், பெஞ்சு இழுக்கும் சத்தம், யாரோ இருமுவது — எல்லாம் ஒரே அளவில் கேட்கிறதாம். "இவ்ளோ சத்தத்துல எப்டி டீச்சர் படிக்கிறீங்க?"

உடனே சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. என் அவசரம்.

அக்டோபர் 16, வியாழன்

இன்று அரை மணி நேரம் மாட்டியிருந்தாள்.

நவம்பர் 18, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பில் திரவங்கள் நடத்தினேன். பாதி நடத்தும்போது முதல் பெஞ்சில் குசுகுசுவென்று பேச்சு. பக்கத்துப் பெண்ணின் காதில் கவியா என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"கவியா, பேச்சை நிறுத்து" என்றேன். சாதாரணக் குரலில்தான் சொன்னேன். மைக் மேஜைமேல் கிடந்தது, மெஷின் அவள் காதில் இருந்தது.

உதட்டைப் பிதுக்கிவிட்டு நோட்டைப் பார்த்தாள்.

படம் வரையக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். கோடு பாதி போட்டிருப்பேன், முதுகுக்குப் பின்னால் மறுபடியும் பேச்சு. அவள் குரல்தான். படம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் திரும்பாமலே நின்றேன்.