பேண்டைப் பிரிக்க மாட்டேன்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். தையல் மெஷின்கூட நலம். உங்கள் நலத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

போன கடிதத்தோடு பேண்டையும் அனுப்பி, இடுப்பை மறுபடியும் தளர்த்தித் தரச் சொல்லியிருந்தீர்கள். அதே கடிதத்தில், உங்கள் கம்பெனியில் எடையையும் உயரத்தையும் வைத்து பிஎம்ஐ பார்த்ததாகவும், நீங்கள் நார்மல் என்றும், கல்யாணத்தின்போது இருந்த அதே எடை என்றும் ஒரே பீற்றல். கூடவே, "குண்டம்மா, நீயும் கொஞ்சம் உடம்பைக் குறை" என்று எனக்கு உபதேசம் வேறு. அதைப் படித்துவிட்டு உங்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை அப்புறம் கவனித்துக்கொண்டேன்.

எங்கள் தையல் ஆலையிலும் போன வாரம் அந்தக் கூத்து நடந்தது. என் எண்ணைப் பார்த்த நர்ஸம்மா உடல் பருமன் என்றார். எங்கள் சூப்பர்வைசர், நாங்கள் குச்சி என்போமே, அவருக்கு நார்மல். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. டீ நேரத்தில் என் பிஸ்கட்டை எடுத்து, "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று தானே தின்றார்.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எனக்கு எல்லாம் சரி. குச்சிக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. அதிலிருந்து அவர் என் பிஸ்கட் பக்கம் திரும்புவதில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது.

இது என்ன நியாயம் என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். அந்த எண் ஆரம்பத்தில் ஒரு குத்துமதிப்புக்குத்தான் உதவும் என்றார். துணிக்கட்டு தூக்கித் தூக்கி உரமேறிய என் தோளையும், குச்சியின் சட்டைக்குள் ஒளிந்திருக்கும் தொந்தியையும் எடை மெஷின் பிரித்துப் பார்க்காதாம். இடுப்பையும் அளக்க வேண்டுமாம், ரத்தத்தையும் பார்க்க வேண்டுமாம். இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லதாம். என்னையும் கொஞ்சம் குறைக்கத்தான் சொன்னார், அதை மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் பேண்டை விரித்து டேப் வைத்தேன். ஏற்கெனவே தளர்த்திய இடுப்பே உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டியிருந்தது. எடை ஏறவில்லை, இடுப்பு மட்டும் ஏறுகிறதென்றால், கையும் காலும் கரைந்து வயிற்றில் சேர்கிறது என்றுதானே அர்த்தம்? எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை என்று போனில் வேறு சொன்னீர்கள். வெயில் என்றீர்கள், நானும் விட்டுவிட்டேன். உங்கள் அப்பாவும் வெயில் என்றுதான் சொன்னார். இவ்வளவு ஒல்லியான மாமாவுக்குச் சர்க்கரையா என்று நாம் எல்லோரும் கேலி செய்தோம். காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வாயை மூடினோம்.

அதனால் பேண்டைப் பிரிக்கவில்லை. சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, முடிவை வாங்கி எனக்குச் சொல்லுங்கள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் தளர்த்தித் தருகிறேன். அதுவரை இருக்கிற பேண்டை மூச்சைப் பிடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் குண்டம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் கோபப்படுவதுபோல நடிப்பேன். ஒருநாளும் கோபம் வந்ததில்லை. தலை முழுக்க நரைத்த பிறகும் நீங்கள் என்னை அப்படிக் கூப்பிட வேண்டும். நாளைக்கே போய் ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குண்டம்மா