தண்டனைக்கு நன்றி

இன்று அலுவலகக் குழாயைத் திறந்தபோது துரு வாசனை அடித்தது. கையைக் கழுவாமல் நின்றேன். அல் கூஸ் தொழிலாளர் கேம்பின் தண்ணீர்த் தொட்டி. நீ.

வெள்ளிக்கிழமைகளில் வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தச் சீன அதிகாரியின் கதையைச் சொல்வாய். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு ஸ்டோர் கிளார்க்காக வந்தவன் நீ. வேறு எதைச் சொல்வாய்? அதிகாரி பரீட்சையில் தேறி அரண்மனைக்குள் நுழைகிறான். பேரரசனின் பிழைகளை முகத்துக்கு நேரே சொல்வதுதான் அவனுடைய உத்தியோகம்.

"அதுக்குச் சம்பளமும் குடுத்தவங்களோ?" என்று கேட்டேன்.

"குடுத்தவங்கள் மச்சான். பிறகு தெற்கை, காய்ச்சல் காட்டுக்கு அனுப்பினவங்கள்."

அதிகாரியோடு வேலை செய்த ஒருவன் கோள் சொல்லியிருந்தான். அவ்வளவுதான். நாடு கடத்தும் ஆணை வந்தால் அரண்மனைப் பக்கம் திரும்பி, நெற்றி மண்ணில் பட வணங்கி, தண்டனைக்கு நன்றி சொல்ல வேண்டும். அங்கே அதுதான் முறை.

பிறகு ஒருநாள் நீயே மேனேஜரிடம் போனாய். தொட்டிக்குள் துரு, பொடியளுக்கு வயிற்றுப்போக்கு என்றாய். ஆங்கிலத்தில், மரியாதையாக. தொட்டி கழுவுவிப்பது கேம்ப் பொறுப்பாளரின் வேலை. அவர் நம் ஊர்க்காரர். நீ ஆட்களை ஸ்ட்ரைக்குக்குத் தூண்டுகிறாய் என்று மேனேஜரின் காதில் போட்டார். விசா கேன்சல். கலாஸ், எல்லாம் முடிந்தது.

மேனேஜரின் அறையில் உன் பாஸ்போர்ட்டைத் தந்தபோது நானும் அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பொறுப்பாளர் உன் தோளைத் தட்டினார்.

"தம்பி, மேனேஜருக்கு ஷுக்ரான் சொல்லும். ஒரு மரியாதைக்கு."

அரபியில் நன்றி சொன்னாய். சொல்லுமுன் என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தாய். அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

ஊரில் ஷெல் விழுந்து நீ செத்த செய்தி மழைக்காலத்தில் வந்தது.

போன கிழமை பொறுப்பாளர் என் மேசைக்கு முன்னால் நின்றார். இப்போது விசா விவகாரங்கள் என் கையில். சைட்டிலிருந்து சிமெண்டை வெளியே விற்றுப் பிடிபட்டிருந்தார். அவருக்கும் கேன்சல். நான் ஒரு வார்த்தை சொன்னால் மேனேஜர் கேட்பார்.

"தம்பி, ஊருக்கு அனுப்பினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

"உங்கட சிநேகிதன் எண்டா இப்பிடிச் செய்யமாட்டான்."

உண்மை. உன் கதையில் அதிகாரியைத் திருப்பி அழைக்கிறார்கள். கோள் சொன்னவன் அவன் முன்னால் குற்றவாளியாக நிற்கிறான். அதிகாரி மன்னித்துவிடுகிறான். அந்த முடிவு பிடிக்கவில்லை என்றேன். "நீ அரண்மனைக்குச் சரிவரமாட்டாய்" என்று சிரித்தாய்.

பாஸ்போர்ட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, ஷுக்ரான் சொல்லேல்லை."

கதவுப் பிடியில் கை நின்றது. எந்த அறை, யாருடைய தோள் என்று நினைவு வந்தது அவர் முகத்தில் தெரிந்தது. சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குக் கேட்கும்படி மறுபடியும் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது வெங்காயம் உரிப்பது நான். ரூமுக்குப் புதிதாக வந்தவர்கள் கதை கேட்கிறார்கள். அதிகாரி திரும்பி வரும்வரை நீ சொன்னபடியே சொல்கிறேன். அதற்குப் பிறகு வருவது என்னுடையது. அதில் அவன் மன்னிப்பதில்லை.